வந்து சேர்ந்த நேரம்

நான் செத்த நேரத்தை
ஆஸ்பத்திரித் தாளில் வாசித்துத்தான் அறிந்தேன்:
தை இருபத்தாறு, இரவு எட்டு நாற்பத்தொன்று.
குசினி வாசலில், கையில் ஒரு வெங்காயத்தோடு.
வெங்காயம் உருண்டு குளிர்பெட்டிக்கு அடியில் போனதாம்.
மூன்று கிழமை கழித்து, முளைவிட்டு,
நாற்றத்தால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது.

அதே தாளில் அடுத்த வரி:
வாகனம் வந்து சேர்ந்தது, எட்டு நாற்பத்தேழு.
பொய் இல்லை. வந்து சேர்ந்ததுதான்.
மார்க்கம் ரோட்டில், பனி வழித்த வாசலில்
சிவப்பு வெளிச்சம் சுழலச் சுழல,
எனக்கு நூற்றெழுபது அடி கீழே.

பத்தொன்பது மாடிகளுக்கு அந்தத் தாளில் வரி இல்லை.

வாசல் பலகையில் எங்கள் இலக்கத்தை அழுத்தினால்
சுகிர்தா போன வருசமே வெட்டிவிட்ட தொலைபேசிக்கு அது அடிக்கும்.
மாற்றச் சொல்லி இரண்டு தரம் எழுதிக் கொடுத்தோம்.
மூன்று லிப்டில் நடுவிலுள்ளது
ஐப்பசியிலிருந்து மஞ்சள் நாடா கட்டி நிற்கிறது.
இடது லிப்டுக்குள் யாரோ வீடு மாறுகிறார்கள்;
சோபா ஒன்று செங்குத்தாய், குடியிருக்க வந்த மாதிரி.
நெஞ்சைத் திடுக்கிட வைத்து எழுப்பும் பெட்டியும்
இந்தக் கட்டிடத்தில் உண்டு.
கீழே அலுவலகத்தில், கண்ணாடிக்குள், பச்சை விளக்கோடு.
அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டும்.

'நெஞ்சில கை வைச்சுச் சொல்லுங்கோ'
என்று இருபத்தேழு வருசமாய் என்னை மடக்கியவள்
அன்று தானே கை வைத்தாள்.
தொலைபேசியில் ஒருத்தி ஆங்கிலத்தில் எண்ணினாள்.
இவள் தமிழில் அமுக்கினாள்.
ஒண்டு ரெண்டு மூண்டு நாலு
ஒண்டு ரெண்டு
என் விலா ஒன்று முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.
நிறுத்தவில்லை.
முன்வீட்டு மரிவிக், முதியோர் இல்லத்தில் வேலை,
தலையில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்து
கை மாற்றினாள்.
முப்பது அமுக்கு, இரண்டு ஊது.
நான் சுகிர்தாவை விட்டு வேறொருத்தியின் மூச்சில் இருந்த நேரம்
அவ்வளவும்தான்.

மிச்சத்தை நான் கமராவில் பார்த்தேன்.
பராமரிப்பாளர் ஸ்டோயான் கதிரை இழுத்துப் போட்டுக் காட்டினார்.
சத்தமில்லாத படம்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீலச் சட்டைக்காரர் இருவர்
எங்கள் இலக்கத்தை அழுத்துகிறார்கள், அழுத்துகிறார்கள்.
பின்னால் ஒரு பீட்சாப் பொடியன், முகம் மூடிய தொப்பி,
கையை நீட்டி வேறொரு இலக்கத்தை அழுத்துகிறான்.
கதவு திறக்கிறது.
உயிருக்குத் திறக்காதது
இரவுச் சாப்பாட்டுக்குத் திறந்தது.

வலது லிப்டில் அவர்களோடு அவனும் ஏறினான்.
பன்னிரண்டில் இறங்கவில்லை.
பத்தொன்பதாம் மாடியில், அவர்கள் பெட்டியோடு ஓட,
தன் சிவப்புப் பையைக் கதவுக்குள் வைத்தான்.
கதவு மூட வரும், பையைக் கடிக்கும், பின்வாங்கும்.
மூட வரும், கடிக்கும், பின்வாங்கும்.
பதினெட்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஸ்டோயான் கோப்பி கொண்டுவந்து வைத்தது தெரியவில்லை.
இந்தப் பக்கம் அந்தக் கதவு,
அந்தப் பக்கம், கமரா இல்லாத வீட்டுக்குள், நான்.

மூன்றாம் அதிர்ச்சியில் திரும்பினேனாம்.
படுக்கை நீளத்துக்கு லிப்ட் போதாது.
மடித்து, அரைவாசி நிமிர்த்தி
என்னை இறக்கியிருக்கிறார்கள்.
படத்தில் நான் கீழே வருகிறேன்,
வேலைக்குப் போகிறவனைப் போல, நிமிர்ந்தபடி.

பொடியனைத் தேடினோம். அந்தக் கடையில்
கிழமைக்கு ஒரு முகம் மாறுமாம்.
பன்னிரண்டாம் மாடியில் யாரோ அன்று
ஆறிப்போன பீட்சாவுக்குத் திட்டியிருப்பார்கள்.
அவர்களிடமும் எனக்குக் கடன் உண்டு;
எந்தக் கதவைத் தட்டி என்னவென்று சொல்வது.

இப்போது நான் லிப்டில் ஏறினால்
கடைசி ஆள் வரும்வரை காலைக் கதவில் வைத்திருப்பேன்.
உள்ளே நிற்பவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

இரவில் சுகிர்தாவின் விரல்
என் சட்டைப் பொத்தானுக்கு மேலே, நித்திரையிலும், எண்ணும்.
முப்பதில் நிற்கும்.
மரிவிக் ஊத வேண்டிய இடம் அது.
நான் முழித்திருந்தால்
அந்த இரண்டையும்
நானே இழுத்துக்கொள்கிறேன்.