கார்த்திகை ஒன்று

தையல்நாயகி வேலையை விட்டது
கார்த்திகை ஒன்றாம் தேதி.
காலை எட்டேகாலுக்கு
மாயவரம் பஸ் ஸ்டாண்டில்
துலாக்கட்டத்திலிருந்து திரும்பியவர்களின்
ஈரத்துண்டு வாசனைக்கு நடுவே சொன்னாள்:
"அக்கா, அந்த மிஷின் கத்துது.
நான் போகல."

ஆனியில்,
கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்று
ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது
ஆஸ்பத்திரி சலவை அறையில் அவளைச் சேர்த்தேன்.
"எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார் மேனேஜர்.
போர்வையில் என்ன சார் எழுதியிருக்கு, என்றேன்.
"டீ காசு மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார்.
பக்கத்து மேசையில் மடிக்கிற கமலாதேவிக்கு
என்ன தருகிறீர்களோ அது, என்றேன்.
நாலு தடவை நடந்தேன்.
நாலாம் தடவை கையெழுத்துப் போட்டார்,
பேனா மூடியைத் தேடுகிற சாக்கில்
என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று வாரம் கூடவே நின்றேன்.
சுவரில் படம் ஒட்டினேன்:
கறை இருந்தால் சிவப்புக் கூடை,
கிழிசல் என்றால் நீலம்.
பிறகு கதவருகே நின்றேன்.
பிறகு எதிர்க்கடையில், டீ கிளாசோடு.
என் வேலையே அதுதான்,
கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படாமல் போவது.

சம்பளம் அவள் கணக்கில் ஏறியது.
ஏடிஎம்மில் நாலு எண்ணையும்
சத்தமாகச் சொல்லித்தான் அழுத்துவாள்.
வரிசையில் நிற்பவர்களை
காதைப் பொத்திக்கொள்ளச் சொல்வேன்.
முதல் பணத்தில் வாங்கியது
ஒரு டார்ச் லைட்.
ஏனென்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆவணியிலேயே 'வெற்றி' என்று எழுதி
அறிக்கை அனுப்பிவிட்டேன்.
அந்தப் படிவத்தில்
சேர்ந்த தேதிக்குக் கட்டம் உண்டு.
பிடிக்கவில்லை என்பதற்குக் கிடையாது.

அம்மா செண்பகவல்லி
பாதி உரித்த வெங்காயத்தோடு வாசலில் மறித்தார்:
"கிடைச்சதே பெரிசு.
இவளுக்கென்ன பிடிக்கிறதும் பிடிக்காததும்?"
எனக்கும் கோபம்தான்.
நாலு தடவை நடந்தவள் நான்.

திரும்புகிற பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.
நானும் இரண்டு வேலையை விட்டிருக்கிறேன்.
காரைக்காலில் ஒன்று, ஜன்னல் இல்லாத அறை.
இன்னொன்று, முதலாளி சிரிக்கிற விதம்.
அப்போது யாரும் என்னை உட்காரவைத்து
மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லி
அறிவை அளக்கவில்லை.

ஐப்பசி முழுக்க மூழ்கி எழுகிற ஊர் இது.
நடக்க முடியாத ஒருவன்
மாதம் முடிந்தபின் வந்து சேர்ந்தானாம்.
அவனுக்காக இன்னொரு நாள்
புண்ணியத்தைத் திறந்தே வைத்திருந்ததாம் ஆறு.
முடவன் முழுக்கு என்கிறோம்;
பெயரைக் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.
ஒருவனுக்காக ஒரு நாளையே நீட்டிய ஊர்தான்
தையல்நாயகியின் நேர்காணலுக்கு
பதினோரு நிமிடம் கொடுத்தது.

தகவல் சொன்னதும் மேனேஜர்
"நல்லா மடிச்சாளே" என்றார்,
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.

சரி, வேறெங்கே போவே, என்று கேட்டேன்.
யோசிக்கவே இல்லை.
மணிக்கூண்டு பக்கத்து பேக்கரி.
"ஆளு வருவாங்க. பேசலாம்."

ஜமாலுதீன் பாய்
அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துக் கொடுத்தார்.
மூன்றாவது மடிப்பில் தப்பு.
பிரித்தாள், மறுபடி மடித்தாள்,
நடுவில் ஒரு குழந்தைக்கு டாட்டா காட்டினாள்.
"ஒரு வாரம் பார்க்கலாமே" என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"வாரத்துக்கு எவ்ளோ?"
என்று கேட்டாள் தையல்நாயகி.

அவர் கால்குலேட்டரைத் தேடினார்.
நான் தள்ளிப்போய்
ஒரு பப்ஸ் வாங்கிக் கடித்தேன்.
நல்ல சூடு.
நாக்கு பொத்துவிட்டது.