நாற்பத்தைந்து கிலோ

ஆண்டு விழாவில் வாசிக்க
ஒரு பக்கத்துக்கு மிகாமல் அறிக்கை கேட்டார்கள்.
தர்மபுரி ஆண்கள் விடுதி, ரத்தக் கொடையாளர் மன்றம்,
செயலாளர் நான்.
எழுதினேன்:
முகாம் மூன்று. யூனிட் நூற்றுப் பன்னிரண்டு.
சுழற்கேடயம் ஒன்று.

மிகுந்தது இது.

மன்றத்துக்கு அலுவலகம் கிடையாது.
பதினான்காம் அறைக் கதவின் உட்புறம்
சாக்பீஸில் போட்ட பட்டியல்தான் மன்றம்:
பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி.
மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொள்ளும்.
பி பாசிட்டிவ்காரர்களில் பாதிப்பேர்
நிலையில் உரசி அழிந்துபோவார்கள்.
திரும்ப எழுதுவோம்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிக்குப் பிரேக் பிடிக்காத இரவுகளில்
போன் வரும்.
யாரிடம் துவைத்த சட்டை இருக்கிறதோ
அதைப் போகிறவன் மாட்டிக்கொள்வான்.
திம்மராஜின் நீலக் கட்டம்போட்ட சட்டை
ஆஸ்பத்திரிக்கு ஒன்பது முறை போயிருக்கிறது.
திம்மராஜ் நான்கு முறைதான்.

வேடியப்பனுக்கு ஏரியூர்ப் பக்கம்.
கதவில் ஓ நெகட்டிவ் அவன் ஒருவன்தான்.
முதல் முகாமில் எடை மெஷினில் ஏறினான்,
சரியாக நாற்பத்தைந்து.
இறங்கும்போது பேன்ட் பையிலிருந்து
ஒரு ஜல்லிக்கல் உருண்டது.
நர்ஸம்மா குனிந்து எடுத்தார்.
"இன்னும் எத்தனை வெச்சிருக்கே?"
மேஜைமேல் எட்டு வைத்தான்,
நூலகக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த கல்.
"இதுல ரத்தம் ஊறாது தம்பி,
சாப்புட்டுட்டு வா."

தீர்மானம் எதுவும் போடவில்லை நாங்கள்.
புதன்கிழமை விடுதியில் முட்டை.
மாதேஷ் தன்னுடையதை அவன் தட்டில் உருட்டிவிட்டு
"எனக்கு வாய்வு" என்றான்.
அடுத்த புதன் திம்மராஜுக்கு மஞ்சள்கரு நாறியது.
அதற்கடுத்த புதன், ஆனி மாதத்தில்,
ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னான் சென்றாயன்,
கழுத்தில் ஒன்றுமில்லாமல்.

வாராவாரம் தக்காளி மண்டித் தராசில்
அவனை ஏற்றி நிறுத்தினோம்.
மண்டிக்காரருக்குக் கிலோ கணக்கெல்லாம் வராது.
"மூணு பெட்டிக்கு இன்னும் ஒரு கை குறையுதுப்பா."
பதினோராவது வாரம்
"மூணு பெட்டி" என்றார்.
திம்மராஜ் விசிலடித்ததில்
ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

ஆடி கடைசியில் ஒரு நள்ளிரவு, பிரசவ வார்டு.
நீலச் சட்டையில் போனான் வேடியப்பன்.
அரை மணி நேரம் கழித்து நடையில் உட்கார்ந்திருந்தோம்.
அந்தப் பெண்ணின் மாமனார்
மாம்பழ ஜூஸ் டப்பா வாங்கி வந்தார்.
கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டார்.
"எந்த ஊரு சாமி?"
"ஏரியூர்ங்க."
"ஏரியூர்ல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில்
கிழக்கு மேற்கு பதிலாகாது.
மாதேஷ் தரையைப் பார்த்தான். நானும்தான்.
முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கியபடி
வேடியப்பன் சொன்னான்:
"ஓ நெகட்டிவ் பக்கம்ங்க."

ஜூஸ் டப்பா கொஞ்ச நேரம்
யார் கையிலும் இல்லாததுபோல் நின்றது.
பிறகு கொடுத்தார்.
"ஸ்ட்ரா இல்லீங்களா?" என்று கேட்டான் இவன்.

அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்:
'உறுப்பினர் ஒருவரின் எடை ஒன்றரைக் கிலோ கூடியது.'
காப்பாளர் சிவப்பு மையில் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதியிருக்கிறார்: இது சாதனையா?

கேடயம் அவர் அறைக் கண்ணாடி அலமாரியில்.
பதினான்காம் அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல்
எட்டுக் கல் முட்டுக் கொடுக்கிறது.
ஒன்பதாவது நர்ஸம்மாவிடம்,
ரசீதுக் கட்டுமேல்.

நேற்று புதன்கிழமை.
தட்டை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு
மாதேஷ் சொன்னான்:
"எனக்கு வாய்வு சரியாயிடுச்சு."