நாற்பத்தொரு பக்கம்

ஒன்பது பேராய் இருந்தபோது
தார்த்து நகரின் பழைய மாவு ஆலையில்
சாவி கல்லுக்கடியில் கிடக்கும்.
யார் வேண்டுமானாலும் வரலாம்,
சௌனா அடுப்புக்குத் தகடு வெட்டலாம்,
அகாலத்தில் சூப் காய்ச்சலாம்.

நூற்று அறுபது பேரானோம்.
துளைக்கருவி ஒன்று தொலைந்தது.
விதிகளை எழுதியது நான்தான்:
நாற்பத்தொரு பக்கம், ஆளுக்கொரு அட்டை,
உள்ளே வந்த நிமிடம், வெளியேறிய நிமிடம்.
ராய்வோ மட்டும் கேட்டான்:
"கழிப்பறைக்கு எந்தப் பக்கம், ஊர்வே?"
சிரித்தார்கள். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

ஜனவரி இரவு. மைனஸ் பதினெட்டு.
என் அட்டைக்கே சிவப்பு விளக்கு.
பின்கதவுக்குப் போய்
பழக்கதோஷத்தில் கல்லைப் புரட்டினேன்.

இருந்தது.
துருவேறாமல், யாரோ எண்ணெய் பூசி.

உள்ளே போய்க் குளிர்காய்ந்துவிட்டு
விடியுமுன் அதே இடத்தில் வைத்தேன்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தை
இன்னும் எழுதவில்லை.