காற்றுக்கு விட்ட மாடி

மதியச் சாப்பாட்டிலும் எங்கள் சண்டை ஓய்வதில்லை.
விட்டோல்டுக்கு வார்சா, எனக்கு மெக்சிகோ நகரம்.
நடுவில் சிகாகோ, ஏரிக்கரையில்,
யார் பக்கமும் சாயாமல்.

சாயாமல் என்பது பொய்.
காற்று வலுத்தால் இந்தக் கட்டடங்கள் ஒரு முழம் ஆடும்.
கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் தளும்பும்போதுதான்
உள்ளே இருப்பவர்கள் அதை நம்புவார்கள்.
அறுபத்தோராம் மாடிக்கு வெளியே
இரண்டு கம்பிகளில் தொங்கும் எங்களுக்கு
யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வார்சாவில் அப்போது ஒற்றைக் கோபுரம்," என்கிறான்,
ஊறிய வெள்ளரிக்காயைக் கடித்தபடி.
"குடித்த இரவுகளில் அதைப் பார்த்துத்தான் வீடு சேர்வேன்.
இப்போது சுற்றிலும் கண்ணாடி முளைத்துவிட்டது.
கல்யாணக் கூட்டத்தில் பழைய கோட்டோடு நிற்பவன் மாதிரி
எங்கோ இருக்கிறது. போன தடவை வழி தவறிவிட்டேன்,
அதுவும் குடிக்காமல்."

எங்கள் ஊர் ஏரியைத் தூர்த்துக் கட்டியது.
உயரம் பார்த்து நாங்கள் மயங்குவதில்லை.
பூகம்பத்துக்கு மறுநாள் காலை தெருவில் இறங்கி எண்ணுவோம்.
நிற்பதெல்லாம் அழகு.

அவன் மெல்வதை நிறுத்தினான்.
பேச்சை மாற்ற ஆற்றுக்கு அப்பால் கை காட்டினேன்:
அந்தப் புதுக் கோபுரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே,
ஜன்னலில்லை, ஆளில்லை, விளக்கில்லை,
காற்று நுழைந்து போக ஒரு மாடியையே விட்டிருக்கிறார்கள்.

"பில்சென் பேட்டையில் ஓர் அறைக்குள் நாலு பேர் கிடக்கிறோம்.
காற்றுக்கு முழு மாடி, ஏரி பார்த்த பக்கம்,
வாடகை கிடையாது."

"யார் சொன்னது கிடையாதென்று?
கட்டடத்தைத் தள்ளாமல் போகிறதே, அதுதான் வாடகை."

"அதற்குப் பெயர் வாடகையில்லை, செலெஸ்தினோ சொல்கிறேன்,
மாமூல்."

சிரித்ததில் பலகை குலுங்கியது.
வாளியில் சோப்பு நீர் சிந்தி
கீழே போனது; எங்கே விழுந்ததோ.

மே மாதம். சிலந்திகள் நூல் விட்டு
காற்றிலேறி இவ்வளவு உயரம் வந்துவிட்டன.
சட்டத்தின் மூலையில் ஒரு வலை:
முழுக்க ஓட்டை, எல்லா மாடியும் காற்றுக்கே.
ஒப்பந்தப்படி விட்டோல்ட் அதைத் துடைத்தான்.
சிலந்தியை மட்டும் விரலால் ஏந்தி
அடுத்த கண்ணாடிக்கு நகர்த்தினான்.
அதையும் நாளைக்குத் துடைக்க வேண்டும்.

உள்ளே ஒருத்தி, காதில் தொலைபேசி,
கண்ணாடியைத் தட்டி
நாங்கள் விட்டுப்போன ஓரிடத்தைக் காட்டுகிறாள்.

எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளங்கை அகலம்.
யாரோ நெற்றியைச் சாய்த்து
வெகுநேரம் நகரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

சைகையில் சொல்லிப் பார்க்கிறேன்,
மறுபடி தட்டுகிறாள்.
அம்மா, அது உங்கள் பக்கம்.