துடுப்பு உள்ளவர்கள்

படகு வாடகைக்கு விடும் நேப்பாளிப் பையன்
மூன்றே விதி சொன்னான்:
ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்,
வேர்களை மிதிக்காதீர்கள்,
டியூப்காரர்களைக் கண்டால் மெதுவாக.
மூன்றாவதைச் சொல்லும்போது
குணாளன் சன்ஸ்கிரீன் தேய்த்துக்கொண்டிருந்தார்.
நான் கேட்டேன். கேட்டு மறந்தேன்.

உம் அல் குவைனில் ஞாயிற்றுக்கிழமை
ஏழரை மணிக்கே வெயில் கணக்குக் கேட்கும்.
இரட்டைப் படகு, ஒரு மணி நேரம், எழுபது திர்ஹம்.
முன்னால் இருப்பவருக்குப் பார்வை,
பின்னால் இருப்பவருக்குத் திசை.
பதினோரு வருடத் தாம்பத்தியத்தில்
இவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்கு
வேலை பிரித்துத் தந்ததில்லை.

கண்டல் காட்டுக்குள் ஓடை குறுகும் இடத்தில்
ஓதம் வடியத் தொடங்கியிருந்தது.
கடலைப் பார்த்துக் கிளம்பிவிட்ட தண்ணீர்
யாருக்காகவும் நிற்பதில்லை.
வளைவில் திரும்பினால்
அகலம் முழுக்க லாரி டியூபுகள்,
கறுப்பாய், பளபளவென்று, ஆறு.
ஆறிலும் ஆட்கள், வானம் பார்த்து.
ஒருவன் வயிற்றின் மேல் பிரியாணிப் பொட்டலம்.
ஒருவர் போனை பிளாஸ்டிக் பைக்குள் கட்டி
ஊருக்கு வீடியோ கால்.
வால்வு முனை விலாவைக் கிழிக்காமலிருக்க
ரப்பர் செருப்பை வெட்டி மாட்டியிருந்தார்கள்.
அந்தச் செருப்பைக்கூடப் பார்த்தேன்.
டியூபுக்கும் டியூபுக்கும் நடுவே
தண்ணீருக்கு அரையடி கீழே தொய்ந்திருந்த
நீலக் கயிற்றைப் பார்க்கவில்லை.

"லெஃப்ட்! கீப் லெஃப்ட்!" என்று கத்தினேன்.
ஆபீசில் பில் தாமதமானால் எழும் அதே குரல்.
பணம் கட்டி வந்த குரல்.
பதில் தமிழில் வந்தது, கோபமே இல்லாமல்:
"அக்கா, இதுல ப்ரேக்கும் கெடையாது
ஸ்டியரிங்கும் கெடையாது."

கயிறு எழுந்தது. துடுப்பைப் பிடித்தது.
படகு குறுக்கே திரும்ப,
ஓதம் அதன் விலாவில் தோள் கொடுத்தது.
கவிழ்ந்தோம்.
வாய் நிறைய உப்பும் சேறும்.
ஆழம் இடுப்பளவுதான்;
அது பிறகு தெரிந்த செய்தி.
அப்போது தெரிந்ததெல்லாம்
கணுக்காலைச் சுற்றிய கயிறும்
என் பெயரை மறந்து "ஏய், ஏய்" என்ற குணாளனும்.

இபுராம்சா, தொண்டிக்காரர் (பெயர் பிறகு கேட்டது),
யாரையும் கேட்கவில்லை.
இழுத்தால் அவிழும் முடிச்சு அது.
இழுத்தார்.
என் கால் விடுபட்டது.
ஆறு டியூபுகளும் விடுபட்டன.
அவர்களை ஒன்றாய் வைத்திருந்தது
அந்தக் கயிறுதான் என்பது
அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போகையில் புரிந்தது.

கடைசி டியூபில் ரொபியுல்,
சஜாவில் பஞ்சர் ஒட்டுபவன்,
நீச்சலும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை.
பிரியாணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி
முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.
"ஒங்ககிட்டதானக்கா துடுப்பு இருக்கு"
என்றார் இபுராம்சா.
அவ்வளவுதான் சொன்னார்.

படகை நிமிர்த்தி எப்படி ஏறினோம், நினைவில்லை.
நினைவிருப்பது,
நானும் குணாளனும் ஒரே பக்கம், ஒரே நேரம்,
துடுப்புப் போட்டது.
பக்கத்தில் போனதும் வேகத்தைக் கொன்று
மூக்கு முட்டாமல், விலாவோடு விலாவாக
அணைத்து நிறுத்தினோம்.
கயிற்று நுனியை நீட்டினேன்.
அவன் முதலில் ஒப்படைத்தது
பிரியாணிப் பொட்டலத்தை.

ஒவ்வொருவராகச் சேற்றுத் திட்டுக்கு இழுத்தோம்.
"நான் கடைசி" என்றார் இபுராம்சா,
கண்டல் கிளையொன்றைப் பிடித்துத் தொங்கியபடி.
வாடகை நேரம் எப்போதோ முடிந்திருந்தது.
அவரைக் கட்டி இழுத்து நடு ஓடைக்கு வந்தபோது
வளைவுக்கு அப்பால் துடுப்புச் சத்தம், சிரிப்பு.
இன்னொரு இரட்டைப் படகு,
நாங்கள் வந்த அதே அவசரத்தில்.

ஜாக்கெட்டில் தொங்கிய ஆரஞ்சு விசிலை
அதுவரை பொம்மை என்று நினைத்திருந்தேன்.
ஊதினேன்.
துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகத் தூக்கினேன்.
முன்னால் இருந்த பெண் என்னைப் பார்த்து
உற்சாகமாகக் கையசைத்தாள்.

இன்னும் பலமாக ஊதினேன்.