மூன்று நாள் வாடகை

ஒசாகாவில், ஷின்சாய்பாஷிக் கடைத்தெருவுக்குப் பின்னால்
லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில்
கைப்பைகளை வாடகைக்கு விடுகிறோம்.
மூன்று நாளுக்கு ஒன்பதாயிரம் யென்.
கீறலுக்குத் தனிக் காப்பீடு.

திரும்பி வரும் பையை
வெள்ளை விளக்கின் கீழ் கவிழ்த்துப் பார்ப்பது என் வேலை.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
கீறல், கறை, வாசனை.
அழகாக இருந்தீர்களா என்று கேட்க
கட்டம் எதுவும் இல்லை.

மிட்சுகி குவாபரா
வெள்ளிக்கிழமை எடுத்துப்போன பதினேழாம் எண் பையில்,
உள்ஜிப்புக்குள்,
ஒரே ஒரு காப்பிக்கான ரசீது.
தன் காப்பிக்கு அவன் தானே கொடுத்திருக்கலாம்.
வராமலே இருந்திருக்கலாம்.

நான் கேட்காமலே சொன்னாள்:
'வந்தான். நல்லவன்தான்.
உட்கார்ந்த உடனே கடைப் பெண்
பை வைக்கக் கூடை கொண்டுவந்து
மேசைக்கு அடியில் வைத்துவிட்டாள்.
இரண்டு மணி நேரம்
ஒன்பதாயிரம் யென் என் காலடியில் கிடந்தது.
பக்கத்து மேசைக்காரி மட்டும்
குனிந்து குனிந்து பார்த்தாள்.'

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
பை எந்தப் பாதியில் சேர்த்தி
என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அடுத்து ரிட்சுகோ, ஐம்பத்திரண்டு வயது,
பள்ளித் தோழிகள் கூடும் விருந்துக்கு அதே பை.
திரும்பி வந்தபோது கைப்பிடியில்
ஐந்து விதமான கைக்கிரீம் வாசனை.
'ஒருத்தி விடாமல் தொட்டுப் பார்த்தார்கள்.
விவாகரத்தைப் பற்றி
ஒருத்தியும் கேட்கவில்லை' என்றாள்,
முகமெல்லாம் சிரிப்பாக.
கேடயமும் வாடகைக்குக் கிடைக்கும் என்று
விளம்பரத்தில் போடலாமா
என்று முதலாளியிடம் கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

இனி என் கதை. சுருக்கமாகத்தான்.
நவம்பரில் ஒரு ராத்திரி
பதினேழாம் எண்ணை நானே தோளில் மாட்டிக்கொண்டு
கடையைப் பூட்டினேன். எந்தப் படிவமும் எழுதவில்லை.
மிதோசுஜி ரயிலில், கடைசிக்கு முந்திய வண்டி.
எதிர் வரிசையில் மூன்று பெண்கள்.
மூவரின் கண்ணும் ஒரே பாதையில்தான் நடந்தன:
முதலில் பை,
அப்புறம் ஷூ,
கடைசியாக, நேரம் மிச்சமிருந்தால், முகம்.
ஷூவிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.
சூப்பர் மார்க்கெட் தள்ளுபடியில் வாங்கிய ஷூ.
அசல் பை
அந்தக் கணத்தில் போலியாகிவிட்டது.
மாட்டியிருந்தவளும் கூடத்தான்.

நம்பாவில் ஏறிய ஒருவர்
என் பக்கத்தில் உட்கார்ந்தார், கண்ணயர்ந்தார்,
தலை மெல்ல மெல்லச் சரிந்து
என் தோளில் வந்து நின்றது.
பையை அவர் பார்க்கவே இல்லை.
என்னையும்தான்.
சட்டையெல்லாம் சுட்ட கோழியின் புகை.
ஷோவாச்சோவில் நான் இறங்க வேண்டும்.
கதவு திறந்தது. மூடியது.
ஒரு தலைக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்பது
மறந்தே போயிருந்தது எனக்கு.
நாகாய் வரைக்கும் அசையாமல் இருந்தேன்.
அங்கே விழித்து, பதறி,
நான்கு முறை தலை வணங்கி இறங்கிப்போனார்.
மூன்று பெண்களில் ஒருத்தி
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
அப்போது அவள் பார்த்தது முகத்தை.

மறுநாள் விளக்கின் கீழ்
கீறல் இல்லை, கறை இல்லை.
வாசனை என்ற கட்டத்தில்
புகை என்று எழுதி, அடித்து,
இல்லை என்று எழுதினேன்.

மதியம் மிட்சுகி மறுபடி வந்தாள்.
அதே ஆள், அதே பை, வேறு கடை.
பையை மூக்கருகே கொண்டுபோய்
ஏதோ பசி மாதிரி இருக்கிறது என்றாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
ரசீதைக் கிழித்துக் கொடுக்கும்போது
என் கண் தானாகக் கீழே இறங்கி
அவள் ஷூவில் போய் நின்றது.