மடங்காத ஒன்று

கேம்பல் வீதி ஐந்தடியில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தை
முழங்கையால் விலக்கிக்கொண்டு
ஓங்கின் இரும்புக் கடைக்குள் நுழைந்தேன்.
"பீசாவ்" என்றேன். "மடங்காதது."
பாராங்கா என்று கதவோரம் கைகாட்டினார்.
தோட்டம் வெட்டப் போகிறவள் இல்லை நான்.
ஞாயிறு காட்டுக்குள் போய்
திங்கள் காலை ஷிப்டுக்குத் திரும்பி வருகிறவள்.

ஆட்காட்டி விரலை நீட்டினேன்.
போன செப்டம்பரில், கெராச்சுட் இறக்கத்தில்
யோகமலரின் சட்டையைப் பிரம்பு முள் பிடித்துக்கொண்டது.
அறுக்கப் போனேன்.
மடக்குக் கத்தியின் பூட்டு நழுவி
காற்றில் கதவு சாத்துவதுபோல் சாத்திக்கொண்டது
என் விரலை உள்ளே வைத்து.
ஐந்து தையல்.
முள் அப்படியே இருந்தது.

ஓங் சிரிக்கவில்லை.
ஏணி போட்டு ஏறினார்.

முதலில் இறங்கியதற்கு முதுகில் ரம்பப் பல்,
பிடிக்குள் திசைகாட்டி, தூண்டில் நரம்பு.
"இது படத்தில் நடிக்க" என்று அவரே தள்ளிவைத்தார்.
அடுத்தது முழ நீளம்;
இடுப்பில் கட்டினால் பாறையில் உட்கார முடியாது.
மூன்றாவது அழகு.
மான்கொம்புப் பிடி, பித்தளைக் குமிழ்.
உள்ளே இரும்பு எதுவரை போகிறது என்று கேட்டேன்.
தன் சுண்டுவிரலைக் காட்டினார், அதிலும் பாதி.
மிச்சம் பசை.
ஈர விறகின் மேல் வைத்துக் கட்டையால் தட்டினால்
அலகு மரத்தில், அழகு கையில்.

நான்காவதை எடுத்ததும் தண்ணீர் கேட்டேன்.
குடிக்கக் கொடுத்தார்.
உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன்.
சமையலெண்ணெய் ஒரு சொட்டு கேட்டபோது
உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.
கண்ணை மூடி
இல்லாத பென்சிலை நெடுநேரம் சீவினேன்.
வெளியே மழை, பஸ் ஹாரன், யாரோ தும்மினார்கள்.
பிடி நகரவில்லை.

நாலு அங்குலம். அலங்காரம் கிடையாது.
முதுகு சதுரம்: நகத்தில் இழுத்தால் வெள்ளைத் தூள் விழுகிறது,
தீக்கம்பி உரச அது போதும்.
பிடியின் முனையிலும் இரும்பு
வெளியே வந்து நிற்கிறது,
நான் முழுசாக இருக்கிறேன் என்று சொல்ல.

"துருப் பிடிக்கும்" என்றார் ஓங்.
"சுற்றிலும் கடல். உப்புக் காற்று.
பிடிக்காத இரும்பு இருக்கிறது, இருபது வெள்ளி கூட."
பிடிக்காதது மழுங்கிவிட்டால்
ஆற்றுக் கல்லுக்கு வழிக்கு வராது.
இது வரும்.
தினமும் கவனி என்று கேட்கும், அவ்வளவுதான்.
எண்பத்தெட்டு வெள்ளி.
செய்தித்தாளில் சுற்றி
மறுபடி சுற்றிக் கொடுத்தார்.

தஞ்சோங் பூங்காவில் சாலைத் தடுப்பு.
பைக்கு அடியில், மழைச்சட்டைக்குள், அரிசிக்குக் கீழே
இருந்ததைப் போலீஸ்காரர் கண்டுபிடித்தார்.
எதற்கு?
நான் வாய் திறக்கும் முன்
யோகமலர் என் கையைப் பிடித்து
விரலைத் தூக்கிக் காட்டினாள்.
தழும்பைப் பார்த்தார், எங்கள் சேற்றுக் காலணிகளைப் பார்த்தார்,
போகச் சொன்னார்.

அன்று முழுக்க அது செய்தது
ஒரு விறகைப் பிளந்தது,
கரையில் சிக்கியிருந்த வலைத் துண்டை அறுத்தது.
மாங்காய்க்கு உதவவில்லை. அலகு தடிமன்;
அரியச் சொன்னால் உடைக்கிறது.
யோகமலர் கல்லில் குத்தியே தின்றாள்.

பாயான் லெப்பாசில் எட்டு மணி நேரம் நுண்ணோக்கி.
விரல்நுனிகளுக்கு ரப்பர் உறை.
சில்லின் மேல் ரேகை ஒன்று விழுந்தால்
தட்டு முழுக்கக் குப்பைக்கு.
பதினோரு வருடமாய் நான் தொட்ட எதிலும்
நான் தொட்டதற்குச் சாட்சி இல்லை.

வியாழன் இரவு உறையிலிருந்து உருவினேன்.
ஞாயிறு துடைக்க மறந்திருந்தேன்.
அலகின் இடப்பக்கம்
பழுப்பு நிறத்தில் என் விரல்:
சுழி சுழியாய்த் துரு,
நடுவே தழும்பு போன இடத்தில் மட்டும்
ஒரு கோடு பளபளப்பு.

எண்ணெய்த் துணியை எடுத்து
வலப்பக்கத்தைத் துடைத்தேன்.